யாரு ஊட்டுப் பொண்ணு நீ?

கடந்த ஆண்டு இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு சின்ன வேலை கொடுத்தேன். ‘வேங்கிக்கால் என்ற பெயர் எப்படி வந்தது? ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வாருங்கள்.’ அவ்வளவுதான்.

வேங்கிக்காலைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. திருவண்ணாமலையிலிருந்து வேலூர் போகும் சாலையில், ஊர் முடிந்ததா இல்லையா என்று தெரிவதற்குள் வேங்கிக்கால் வந்துவிடும். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அங்கேதான் இருக்கிறது. ஏதாவது ஒரு திங்கட்கிழமை மனுவோடு அப்பாவோ அம்மாவோ அந்த வாசலில் நின்றிராத வீடு என் வகுப்பில் குறைவு. எல்லோருக்கும் தெரிந்த இடம். ஏரி இருக்கிறது, ஏரிக்கரையில் பெரியவர்கள் இருக்கிறார்கள். போய்க் கேட்டால் ஏதாவது சொல்வார்கள் என்று நினைத்தேன்.

17 தாள்கள் வந்தன. அதில் 14 தாள்களை எழுதியது ஒரே ஆள். தொடக்கத்தில் ஓர் அழகான முன்னுரை, நடுவில் மூன்று காரணங்கள், கடைசியில் ‘பன்முகப் பண்பாட்டின் சாட்சியாகத் திகழ்கிறது’ என்று ஒரு முடிவுரை. வேங்கை மரமும் வாய்க்காலும் சேர்ந்து வேங்கிக்கால் ஆனது என்றது ஒரு தாள். வேங்கி நாட்டிலிருந்து வந்த கீழைச் சாளுக்கியப் படை கால் பதித்த இடம் என்றது இன்னொன்று. வேங்கைப்புலியின் கால்தடம் பதிந்த பாறை இருந்தது என்றது மூன்றாவது. ஒரு பையன் கல்வெட்டு எண்ணே கொடுத்திருந்தான். எந்த மன்னன், எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்தத் தொகுதி, எல்லாம் கச்சிதமாக இருந்தன. அட, இத்தனை வருஷமா நமக்குத் தெரியாமப் போச்சே என்று அரை மணி நேரம் நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். பிறகு தொகுதியை எடுத்துப் பார்த்தேன். அந்த எண்ணில் இருந்தது வேறு ஊர்க் கோயிலின் விளக்குக் கொடை.

மறுநாள் அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“இதை யாருப்பா சொன்னது?”

“ஏஐ சார்.”

“அதுக்கு யாரு சொன்னது?”

கொஞ்ச நேரம் யோசித்தான். “அத நான் கேக்கலியே சார்.”

பொய் சொல்லவில்லை, மழுப்பவில்லை. கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. எனக்கும் அரை மணி நேரம் தோன்றவில்லையே. அன்றிலிருந்து இந்தக் கேள்வியோடுதான் வகுப்பு நடத்திக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் பாடத்திட்டத்தில் தொல்லியல் ஒரு தாள், மானிடவியல் ஒரு தாள். இரண்டையும் நானே எடுக்கிறேன். ஒன்று மண்ணுக்குள் கிடப்பதைப் படிப்பது, மற்றொன்று மண்மேல் நடமாடுபவர்களைப் படிப்பது என்று முதல் நாள் சொல்வேன். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். ஒரு பானை ஓடு எந்தக் குழியில், எந்த அடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடைத்தது என்று தெரியாவிட்டால் அது வெறும் ஓடு. ஒரு கதையை யார், யாரிடம், எந்தச் சந்தர்ப்பத்தில் சொன்னார் என்று தெரியாவிட்டால் அது வெறும் பேச்சு. என் மாணவன் கையிலிருந்த கருவி, உலகத்திலிருக்கும் ஓடுகளையெல்லாம் ஒரே கூடையில் கொட்டிக் கலக்கி, அதிலிருந்து புதிதாக ஒரு பானை செய்து கொடுத்திருந்தது. பானை அழகாகவே இருந்தது. எந்தக் குழியிலிருந்து வந்தது என்பதுதான் இல்லை.

தடை போட்டால் என்ன என்று சக ஆசிரியர்கள் கேட்டார்கள். எனக்கு மனசு வரவில்லை. அதற்குத் திருவண்ணாமலையே காரணம்.

இந்த ஊரைப் பற்றி 1989 முதல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஐந்து தொகுதிகள் வெளியிட்டார்கள். பி.ஆர். சீனிவாசன் பதிப்பித்த அருணாசலேஸ்வரர் கோயில் கல்வெட்டுகள், பிரான்சுவாஸ் லெர்னோவும் மற்றவர்களும் எழுதிய கட்டட ஆய்வு, மரி-லூயிஸ் ரெய்னிஷ் எழுதிய மானிடவியல் ஆய்வு, நகரத்தைப் பற்றித் தனியாக ஒன்று. தொல்லியலும் மானிடவியலும் சேர்ந்து ஒரே கோயில் நகரத்தை இப்படி உட்கார்ந்து படித்த முயற்சிகள் இந்தியாவில் அதிகம் இல்லை. ஆனால் ரெய்னிஷின் புத்தகம் பிரெஞ்சில் இருக்கிறது. தங்கள் தெருவைப் பற்றி, தங்கள் தாத்தா மண்டகப்படி செய்த திருவிழாவைப் பற்றி எழுதப்பட்டதை இங்கே பிறந்த பிள்ளைகள் படிக்க முடியாது.

வகுப்பில் அதன் இரண்டு பக்கங்களை ஏஐ உதவியாளரிடம் கொடுத்துத் தமிழில் சாரம் கேட்டோம். இரண்டு நிமிடத்தில் வந்தது. பிரெஞ்சு தெரிந்த நண்பரிடம் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தினார், மற்றதெல்லாம் சரி என்றார். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைகளுக்கு அது சாதாரண விஷயம் இல்லை. இங்கே ‘யார் சொன்னது’ என்பதற்குப் பதில் இருந்தது. புத்தகம் மேசைமேல் திறந்திருந்தது, இயந்திரம் மொழிபெயர்ப்பாளராக மட்டும் பக்கத்தில் நின்றது.

அடுத்து நடுகல் பாடம். தப்பு எங்கே நடக்கிறது என்று எனக்குப் புரிந்தது அங்கேதான்.

தமிழ்நாட்டில் நடுகற்கள் நெருக்கமாகக் கிடைக்கும் பகுதிகளில் எங்கள் செங்கம் வட்டாரம் முக்கியமானது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலையே கொண்டுவந்தது. இவற்றில் எனக்குப் பிடித்தது எடுத்தனூர்க் கல். பல்லவன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. தன் எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்துபோன கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். அவனுக்குப் பின்னால் ஒரு நாய் நிற்கிறது. அந்த நாய்க்குக் கோவிவன் என்று பெயர், இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் காத்தது என்று கல்லிலேயே வட்டெழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன்னால் செத்த ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரியும்! வகுப்பில் இதைச் சொல்லும்போது தூங்குகிறவனும் எழுந்து உட்கார்வான்.

இந்த வட்டாரத்து நடுகல் ஒன்றின் படத்தை இயந்திரத்திடம் காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டோம். கொஞ்சமும் தயங்காமல் வாசித்தது. மன்னன் ஒருவன் கோயிலுக்கு நிலம் கொடுத்தானாம், வரி நீக்கினானாம், சந்திர சூரியர் உள்ளவரை அந்த தர்மம் நிலைக்குமாம். கல்லில் ஆயுதத்தோடு ஒருவன் பாய்ந்து நிற்கிறான். இயந்திரம் அவனுக்கு நிலப்பத்திரம் எழுதிக்கொண்டிருந்தது.

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு வேறு யோசனை ஓடியது. ஏன் நிலதானம்? கோயில் சுவர்களில் கொடைகள் அதிகம் வெட்டப்பட்டன. நூறாண்டுக்கும் மேலாக அவையே அதிகம் படியெடுக்கப்பட்டன, அச்சேறின, அவற்றைப் பற்றியே அதிகம் எழுதப்பட்டது. கல்வெட்டு என்றாலே கொடை என்று இயந்திரம் பழகிவிட்டிருக்கும். படிக்க முடியாதபோது, அதிகம் கேள்விப்பட்டதைச் சொல்லிவிடுகிறது. எருமை மேய்த்தவனும் நாயும் குறைவாகவே எழுதப்பட்டவர்கள். எழுத்தில் குறைந்தவர்கள் இயந்திரத்தில் இன்னும் குறைந்துபோகிறார்கள்.

கல்வெட்டு வாசிக்க இயந்திரமே லாயக்கில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2022இல் ‘நேச்சர்’ இதழில் ‘இத்தாக்கா’ என்ற கருவியைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. டீப்மைண்ட் ஆய்வாளர்களும் பண்டைய கிரேக்க வரலாற்று அறிஞர்களும் சேர்ந்து உருவாக்கியது. உடைந்த கிரேக்கக் கல்வெட்டில் விடுபட்ட எழுத்துகளை ஊகித்துச் சொல்லும், எந்தப் பகுதியில் எந்தக் காலத்தில் வெட்டப்பட்டிருக்கும் என்றும் சொல்லும். விடுபட்டதை நிரப்புவதில் வரலாற்றறிஞர்கள் தனியாக 25 விழுக்காடு சரியாகச் செய்தார்கள். இயந்திரம் தனியாக 62. அதே அறிஞர்கள் இயந்திரத்தின் ஊகங்களைப் பார்த்துக்கொண்டு செய்தபோது 72. எண்களைவிட எனக்குப் பிடித்தது அது பதில் சொல்கிற விதம். ‘இதுதான்’ என்று ஒரே பதிலைச் சொல்லிவிட்டு நிறுத்தாது. இப்படி இருக்கலாம், இல்லையென்றால் இப்படி, இதற்கு இவ்வளவு வாய்ப்பு என்று வரிசையாகக் காட்டும். முடிவு செய்கிற வேலையை மனிதனிடம் விட்டுவிடும்.

அதற்குப் பின்னால் சுமார் 78,000 கிரேக்கக் கல்வெட்டுகளின் பாடம், கணினி படிக்கிற வடிவத்தில் தயாராக இருந்தது. தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் கல்லின் முன்னால் குந்தி உட்கார்ந்து படியெடுத்த உழைப்பு அது.

நம்மிடமும் அந்த உழைப்பு இருக்கிறது. 1886இல் ஊல்ட்ஸ் கல்வெட்டாய்வாளராக நியமிக்கப்பட்டார். 1890இல் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ முதல் தொகுதி வந்தது. கல்லில் ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றி எடுத்த ஆயிரக்கணக்கான மைப்படிகள் சேர்ந்தன. அலுவலகம் உதகமண்டலத்துக்குப் போனது, பிறகு 1966இல் மைசூருக்குப் போனது. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவரச் சொல்லி 2021இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது. படியெடுத்தும் அச்சேறாத தமிழ்க் கல்வெட்டுகள் ஏராளம். அச்சேறியவையும் பெரும்பாலும் பழைய புத்தகங்களின் படப்பிரதிகளாக இருக்கின்றன. நாம் கொடுக்காத பாடத்தை இயந்திரம் எப்படிப் படித்திருக்கும்? படிக்காத பாடத்தில் பரீட்சை வைத்தால் நம் பிள்ளைகள் செய்வதையே அதுவும் செய்கிறது. கதை விடுகிறது.

கல்லைத் தப்பாகப் படித்தால் சிரித்துவிட்டுப் போகலாம். மனிதர்களைத் தப்பாகப் படித்தால் சிரிக்க முடியாது.

வகுப்பில் ஜவ்வாதுமலையிலிருந்து வரும் மாணவி ஒருத்தி இருக்கிறாள். அங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளி என்று பெயர். மலையை ஆள்பவர்கள் என்று அவர்கள் விளக்கம் சொல்வார்கள். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து தங்கள் முன்னோர் மலையேறி வந்ததாக ஒரு மரபுக் கதையும் உண்டு. மானிடவியல் தாளுக்காக அவள் தன் சமூகத்தைப் பற்றி இயந்திரத்திடம் கேட்டாள். ஓணம், கதகளி, தேங்காய் எண்ணெய் என்று பதில் வந்தது. அவளே விழுந்து விழுந்து சிரித்து எல்லோருக்கும் காட்டினாள். பிறகு, நான் கேட்டது கேரளத்துக்காரர்களை இல்லை, ஜவ்வாதுமலைப் பழங்குடியினரை என்று திருத்திக் கேட்டாள். இரண்டாவது பதிலைப் படித்தபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. எளிமையானவர்கள், வெளியுலகத் தொடர்பற்றவர்கள், மூடநம்பிக்கையில் ஊறியவர்கள் என்றெல்லாம் இருந்தது.

“சார், இதுல எங்க ஊரு எங்க இருக்குது?” என்றாள்.

அந்தக் குரலை நான் முன்பே கேட்டிருக்கிறேன். எட்கர் தர்ஸ்டனின் குரலோடு அதற்கு நெருங்கிய உறவு. 1885 முதல் 1908 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். அளவுகோலும் இடுக்கியுமாக மனிதர்களின் தலையையும் மூக்கின் அகலத்தையும் அளந்தவர். 1901இல் தொடங்கிய இனவரைவியல் கணக்கெடுப்பில் சென்னை மாகாணப் பொறுப்பு அவரிடம் வந்தது. கே. ரங்காச்சாரியின் துணையோடு, தென்னிந்தியாவின் சாதிகளையும் பழங்குடிகளையும் அகர வரிசையில் அடுக்கி, 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்டார். வேறெங்கும் பதிவாகாத செய்திகள் அதில் உண்டு, இன்றும் நாங்கள் புரட்டுகிறோம். ஆனால் அது எழுதப்பட்ட காலம் எது? 1871இல் வந்த குற்றப் பழங்குடிச் சட்டம், 1911இல் திருத்தி எழுதப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. இன்ன கூட்டத்தார் இன்ன சுபாவம் என்று எழுதிவைப்பது பொழுதுபோக்காக இருந்த காலம் அல்ல அது. அந்த மாதிரி ஒரு வரியை நம்பி ஒரு குடும்பமே தினமும் காவல் நிலையத்தில் கைநாட்டு வைக்க நேர்ந்த காலம்.

தர்ஸ்டனின் புத்தகத்துக்குக் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. முழுதாக ஆங்கிலத்தில், இலவசமாக, இணையத்தில் எங்கு தேடினாலும் கிடைக்கும். கடந்த ஐம்பது ஆண்டுகளில் தமிழில் நாட்டாரியலும் இனவரைவியலும் எழுதியவர்களின் புத்தகங்களோ, சின்னப் பதிப்பகங்களில் அச்சாகி, காப்புரிமையோடு, ஏதோ ஒரு நூலக அலமாரியில் இருக்கின்றன. இணையத்தைப் படித்து வளரும் இயந்திரம் எதை அதிகம் படித்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. தர்ஸ்டனிடமாவது அட்டையில் அவர் பெயர் இருக்கிறது. இந்த ஆள் இந்த வருஷத்தில் இந்த நாற்காலியில் உட்கார்ந்து சொன்னது என்று சண்டை போடலாம். இயந்திரம் அந்தப் பெயரைக் கழற்றிவிட்டு, யாரும் சொல்லாத உண்மை மாதிரி அதைச் சொல்கிறது. சண்டை போட எதிரே ஆள் இல்லை.

அந்த வாரமே வகுப்பு முறையை மாற்றினேன். ஒவ்வொருவரும் நோட்டில் மூன்று பத்தி போட வேண்டும். முதல் பத்தியில் இயந்திரம் சொன்னது. இரண்டாவதில் அதை யார் சொல்லியிருக்கக்கூடும் என்று தேடியது. மூன்றாவதில் நான் போய்ப் பார்த்தது, கேட்டது. மதிப்பெண் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் மட்டும்.

வேலை வாங்கத் தெரிந்துகொண்டால் இயந்திரம் உதவத்தான் செய்கிறது. களத்துக்குப் போகும் முன் அதை ஒரு கிராமத்துப் பெரியவர் மாதிரிப் பேசச் சொல்லி நேர்காணல் பழகினார்கள். கூச்சம் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் எதைக் கேட்டாலும் பதில் சொல்கிற தகவலாளி அது. நிஜப் பெரியவர் அப்படி இல்லை என்பதைப் போனபிறகுதான் தெரிந்துகொண்டார்கள்.

ஒரு தப்பும் நடந்தது. ஒரு பையன் பாட்டி ஒருத்தியின் பேச்சைப் பதிவுசெய்து, எழுத்தாக்கித் தரச்சொல்லி அப்படியே இயந்திரத்தில் ஏற்றிவிட்டான். அதில் அவர் குடும்பத்துச் சொத்துத் தகராறு இருந்தது, பெயர்கள் இருந்தன. அவனை நம்பிச் சொன்னது. அழிக்கச் சொன்னேன், அழித்தான். போன சொல் போனதுதான். மானிடவியலில் ஒப்புதல் என்று ஒரு பாடம் இருக்கிறது. அதை அவ்வளவு நாள் தேர்வுக்கு முந்தின வாரம்தான் நடத்தி வந்தேன். இப்போது முதல் வாரத்தில் நடத்துகிறேன்.

வேங்கிக்கால் தாளையும் மறுபடி எழுதச் சொன்னேன். கல்வெட்டு எண் கொடுத்த பையன் ஏரிக்கரைக்குப் போய்த் திரும்பினான். அங்கே ஒரு பெரியவரும் ஒரு கதை சொன்னாராம். சொல்லிவிட்டு, “இது எங்க தாத்தா சொன்னது. அவரு ஆடு மேய்ச்சவரு, படிச்சவரு இல்ல. சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது” என்றாராம். பையன் அதை அப்படியே எழுதியிருந்தான். பெயர்க் காரணம் அந்தத் தாளிலும் முடிவாகவில்லை. யார் சொன்னது, அவருக்கு யார் சொன்னது, எவ்வளவு நம்பலாம் என்ற மூன்றும் இருந்தன. முழு மதிப்பெண் போட்டேன்.

பருவத்தின் கடைசியில் செங்கம் பக்கம் ஒரு ஊருக்குப் போனோம். நடுகல் வழிபாடு பழங்காலத்தோடு மறைந்துவிட்டது என்று இயந்திரம் சொன்னதை மாணவர்கள் முதல் பத்தியில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். வேப்பமரத்தடியில் கல் இருந்தது. மஞ்சளும் குங்குமமும் அப்பியிருந்தன, எண்ணெய்ப் பிசுக்கில் உருவமே சரியாகத் தெரியவில்லை. முன்னால் பொங்கல் வைத்த அடுப்புக் கற்கள் கரிபிடித்துக் கிடந்தன. இந்த வட்டாரத்தில் பல நடுகற்களுக்கு இப்போது வேடியப்பன் என்று பெயர். மாட்டுக்காகச் செத்தவன் மாட்டைக் காக்கும் சாமியாகி நிற்கிறான். தொல்லியல் தாளும் மானிடவியல் தாளும் அந்த மரத்தடியில் ஒரே கல்லாக இருந்தன.

அதைச் சுத்தம் செய்து எழுத்து இருக்கிறதா என்று பார்க்கப் பையன்களுக்குக் கை பரபரத்தது. பக்கத்துக் களத்திலிருந்து ஒரு ஆயா எழுந்து வந்தார். “சாமிய தொடாதீங்க” என்றார். விலகி நின்றோம். ஜவ்வாதுமலைப் பெண் மட்டும் அவர் பக்கத்தில் போய்க் குந்தினாள். இந்தச் சாமி கதை என்ன ஆயா என்று கேட்டாள். ஆயா உடனே பதில் சொல்லவில்லை. அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“யாரு ஊட்டுப் பொண்ணு நீ? எந்த ஊரு?”

அவள் ஊரைச் சொன்னாள், அம்மா பெயரைச் சொன்னாள், மலையிலிருந்து வந்து ஆஸ்டலில் தங்கிப் படிப்பதைச் சொன்னாள். சாப்பிட்டியா என்று கேட்டார் ஆயா. அதற்குப் பிறகுதான் கதை ஆரம்பித்தது. கதை முடிய வெகுநேரம் ஆனது. அவள் செல்போனை எடுக்கவே இல்லை. திரும்பி வரும்போது பேருந்தில் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு மூன்றாவது பத்தியை எழுதிக்கொண்டு வந்தாள். எட்டிப் பார்த்தேன். கதைக்கு முன்னால், முதல் வரியாக, அந்த ஆயாவின் பெயரை எழுதியிருந்தாள். பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள், பேரைப் போட்டுக்கலாம்னு ஆயாவே சொன்னாங்க என்று இருந்தது.